பழைய தொலைக்காட்சியில் குடும்பமாக ஹார்மோனிகா வாசித்தவர்களைப் பற்றி உங்களுக்கு இனிய நினைவுகள் ஏதேனும் உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நேரடித் தகுதி கிடையாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹார்மோனிகாக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த 1950களில் நான் பிறக்கவே இல்லை. நான் வளர்ந்த திண்டுக்கல்லில் அந்த வாத்தியத்துக்கு மவுத் ஆர்கன் என்றுதான் பெயர். திருவிழாக் கடையில் வாங்கி, இரண்டு நாள் ஊதி, மூன்றாம் நாள் தம்பியிடம் பறிகொடுக்கும் பொருளாகத்தான் அதை நான் அறிந்திருந்தேன். ஆனாலும் 1996 முதல் மூன்று ஆண்டுகள் சிகாகோவின் புறநகர் ஒன்றில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், அப்படி ஒரு குடும்பக் குழுவில் வாசித்து, ஒரே ஒரு முறை தொலைக்காட்சியிலும் தோன்றிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நினைவுகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றில் பாதி என்னுடையவையாகவே ஆகிவிட்டன.

வாடகைக் காசோலையைக் கொடுக்கப் போகும் ஒவ்வொரு முதல் தேதியும் அவர் என்னை உட்காரவைத்து ஒரு வீடியோ கேசட்டைப் போடுவார். பழைய பல்சுவை நிகழ்ச்சிகளின் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, முதுகில் பென்சிலால் எண் எழுதி அடுக்கி வைத்திருந்தார். எட் சல்லிவன் நிகழ்ச்சி 1948 ஜூன் மாதம் வேறொரு பெயரில் தொடங்கி 1971 வரை ஓடியது என்பதும், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணியானால் அமெரிக்காவின் பெரும்பாலான வரவேற்பறைகள் அதன் முன்னால்தான் கிடந்தன என்பதும் அவர் வாயிலாகத்தான் எனக்குத் தெரியவந்தன. ஓர் ஓப்பரா பாடகி, அடுத்து பந்துகளைச் சுழற்றும் வித்தைக்காரர், அடுத்து நாய்களை ஆட்டுவிப்பவர், நடுவில் ஐந்து நிமிடம் ஹார்மோனிகா என்று, நம் ஊர்ப் பொருட்காட்சிக் கலையரங்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததைப் போல அது இருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவர் மற்ற எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தார்.

முதலில் இந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹார்மோனிகா என்றாலே சட்டைப்பையில் அடங்குவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூவர் குழுவில் மூன்று வகை இருக்கும். மெட்டை வாசிப்பவர் கையில் குரோமாட்டிக் ஹார்மோனிகா. பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் அரைச்சுரம் ஏறிவிடும் என்பதால் எந்த மெட்டையும் அதில் வாசிக்கலாம். இரண்டாமவர் கையில் கார்டு ஹார்மோனிகா. சுருதி சேர்ந்த பல சுரங்களை ஒரே மூச்சில் எழுப்புவதற்காக ஏறத்தாழ இரண்டடி நீளத்தில், மேலும் கீழுமாக இரண்டு கட்டைகளைக் கீல் வைத்துப் பிணைத்து, 48 சுரக்கூட்டுகளை அதில் அடக்கியிருப்பார்கள். அதை வாசிப்பவர் சோளக்கதிர் தின்பவரைப் போல இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, அடிச்சுரங்களை எழுப்பும் பேஸ் ஹார்மோனிகா. அதில் எல்லாச் சுரங்களும் ஊதினால் மட்டுமே வரும், உறிஞ்சினால் ஒன்றும் வராது. ஆகவே அதை வாசிப்பவர் இரண்டு சுரங்களுக்கு இடையில் மூச்சைத் திருடி எடுத்துக்கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாதவருக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் தலை சுற்றிவிடும். எங்கள் வீட்டுக்காரர் வாசித்தது இந்த மூன்றாவது வகையைத்தான்.

இந்த மூன்று வகையும் சேர்ந்த குழுக்களுக்கெல்லாம் ஒரு மூத்த குழு இருந்தது. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த போரா மினெவிட்ச் என்பவர் 1920களில் தொடங்கிய ஹார்மோனிகா ராஸ்கல்ஸ் அது. அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள்தாம் பிற்பாடு தொலைக்காட்சியை ஆண்டார்கள். ஜெர்ரி முராத், அல் ஃபியோரி, டான் லெஸ் மூவரும் சேர்ந்த ஹார்மோனிகேட்ஸ் குழு 1947இல் வெளியிட்ட ‘பெக் ஓ மை ஹார்ட்’ இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1913ஆம் ஆண்டின் பழைய பாடல் அது. சிகாகோவின் சிவிக் ஓப்பரா கட்டடத்தில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் அங்கிருந்த கழிப்பறையையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தி அந்த மெட்டுக்குக் கனவு போன்ற ஒரு நீட்சியைக் கொடுத்தார். மறு ஆண்டு ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தபோது, ஹார்மோனிகா ஒரு வாத்தியமே அல்ல, பொம்மை என்று அதுவரை சங்கம் வைத்திருந்த கொள்கையின் காரணமாக, ஹார்மோனிகாக்காரர்கள் தடையின்றிப் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். பிறகுதான் சங்கத்துக்குப் புத்தி வந்து அவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்காரரின் தந்தை ஓர் எஃகு ஆலைத் தொழிலாளி, தீவிரத் தொழிற்சங்கவாதி. வாழ்நாள் முழுவதும் அவர் சங்கத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது இந்த ஒரு விஷயத்தில் தவிர என்று மகன் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்தத் தந்தை குரோமாட்டிக், மூத்த மகள் கார்டு, மகன் பேஸ். ஹார்மோனிகேட்ஸின் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்களாம். கார்டு ஹார்மோனிகாவை அடகுக் கடையில் மீட்கப்படாத பொருளாக வாங்கினார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, 1952ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், உள்ளூர் நிலையம் ஒன்று புதியவர்களுக்காக நடத்திய திறன் காட்டும் நிகழ்ச்சியில் அவர்களுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. நாடு முழுவதும் ஒளிபரப்பான டெட் மேக்கின் நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் தபால் அட்டை எழுதியும் தொலைபேசியில் அழைத்தும் வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் நிலையங்கள் தத்தம் அளவில் அதைப் பின்பற்றின.

நிலையத்தில் நடந்ததை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று குறிகள் போட்டு, அதை விட்டு நகரக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். விளக்குகளின் வெக்கையில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டின் நடுவில் பேஸ் ஹார்மோனிகாவின் ஒரு ரீடு, அதாவது ஒலி எழுப்பும் மெல்லிய உலோக நாக்கு, எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிட்டது. வீட்டில் என்றால் உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும், நேரடி ஒளிபரப்பில் தட்டுவது எப்படி? அந்தச் சுரம் வரும் இடத்திலெல்லாம் அதற்கு ஓர் எண்மம், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே தாவித் தாவிச் சமாளித்திருக்கிறார். அக்காளுக்கு மட்டும் அது தெரிந்துவிட, கார்டு ஹார்மோனிகாவுக்கு மேலாக அவரை ஒரு முறை முறைத்தாளாம். அதைச் சொல்லும்போது அறுபது வயது மனிதர் தம்மை அறியாமலேயே தலையைக் குனிந்துகொள்வார்.

அவர்கள் வீட்டில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. 1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதில்தான் அது இருந்தது. பத்தே ஆண்டுகளில் எண்பதைத் தாண்டியது வேறு கதை. தாயார் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மூவரும் வெற்றிப் பெருமிதத்துடன் வீடு திரும்பியதும் அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தை: ‘ஆறு கைகளைப் பார்த்தேன், ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.’

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் கேசட்டுகளில் இருந்த குழுக்களை எனக்கு ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தது. ஹார்மோனிகா தொலைக்காட்சிக்கு ஒரு வகையில் மிகவும் தோதான வாத்தியம். மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றால் ஒரே ஒலிவாங்கி போதும், ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அன்றைய பெட்டிகளின் சிறிய ஒலிபெருக்கியால் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அடிச்சுரங்களைக் கொண்டுவர முடியாது. பேஸ் ஹார்மோனிகாவிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் எண்ம இடைவெளியில் இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிப்பதால், மேல் ரீடாவது வந்து சேர்ந்துவிடும். ஆனால் முகத்தைக் காட்டிப் பிழைக்கும் ஓர் ஊடகத்தில், முகத்தை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டிய வாத்தியம் இது. பாடகர் புன்னகைக்கலாம், பியானோக்காரர் கண்ணடிக்கலாம். ஹார்மோனிகாக்காரருக்குப் புருவத்தைத் தவிர வேறு கதி இல்லை. ஆகவேதான் அவர்கள் உடம்பால் நடிக்கத் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம்.

அதில் தலைசிறந்தவர் ஜானி புலியோ. ராஸ்கல்ஸ் குழுவிலிருந்து வந்து ஹார்மோனிகா கேங் என்ற பெயரில் சொந்தக் குழுவை நடத்தியவர். எட் சல்லிவன் மேடையிலும் தோன்றியவர். 1956இல் பர்ட் லங்காஸ்டர் நடித்த ‘டிரப்பீஸ்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் நினைவிருக்கலாம். மிகவும் குள்ளமான மனிதர். நெடிய ஆட்கள் வரிசையாக நின்று வாசிக்க, இவர் இடம் தேடி இடித்து நுழைவதும், அவர்கள் தள்ளிவிடுவதும், இவர் பழிவாங்குவதும் பேச்சே இல்லாத ஊமைக்கூத்தாக நடக்கும். கடைக்குட்டியை ஒதுக்கும் அண்ணன்மார் உள்ள வீட்டைப் போலவே அது இருக்கும். ஒருவருடைய உயரத்தை வைத்துச் சிரிப்பு மூட்டுவதை இன்று பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அரங்கமே யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால், எப்போதும் அவர் பக்கம்தான்.

எங்கள் வீட்டுக்காரரின் அக்காளுக்கு இந்தக் கோமாளித்தனம் எதுவும் பிடிக்காது. அவருடைய ஓட்டு மல்கே தம்பதிக்குத்தான். ஜிம்மி மல்கே, மில்ட்ரெட் மல்கே இருவரும் கணவன் மனைவி. ஹார்மோனிகாவின் ஒலியை மின்சாரத்தால் பெருக்கி வாசிப்பதில் முன்னோடிகள். 1950களில் அவர்களுடைய ‘மை ஹாப்பினஸ்’ பெரும் வெற்றி பெற்றது. ஏறத்தாழ முழுவதும் ஆண்கள் கூட்டமாகவே இருந்த இந்தத் துறையில் ஒரு பெண் சரிசமமாக நின்று வாசித்ததே அக்காளுக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும். எனக்கும் அவர்கள் வாசிப்பு பிடிக்கும். இருவர் மூச்சும் ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தில் எழும்போது, நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பேச்சைத் தொடங்குவதைப் போல இருக்கும்.

அந்த 1952 நிகழ்ச்சியின் பதிவு எங்கேனும் இருக்குமா என்று நான் ஒரு முறை கேட்டேன். அவர் கையை விரித்தார். வீடியோ நாடா புழக்கத்துக்கு வந்ததே 1956இல்தான். அதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் திரையின் முன்னால் படக்கருவியை வைத்துப் பிலிமில் பிடிக்க வேண்டும். கினெஸ்கோப் என்ற அந்தச் செலவெல்லாம் பெரிய நிகழ்ச்சிகளுக்குத்தான். அடுத்த வீட்டுத் தச்சரும் எதிர் வீட்டு மாணவியும் பாடும் உள்ளூர் நிகழ்ச்சிக்கு யார் பிலிம் செலவழிப்பார்கள்? ஆகவேதான் அவர் மற்றவர்களுடைய பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஹார்மோனிகேட்ஸ் வரும் துண்டைப் போட்டுவிட்டு, திரையில் டான் லெஸ்ஸைச் சுட்டிக்காட்டி, நான் நின்ற இடம் இது என்பார்.

நாங்கள் அங்கிருந்த கடைசி ஆண்டில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எங்களையும் கீழே அழைத்திருந்தார்கள். அக்காள் அரிசோனாவிலிருந்து வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் இருவரும் பெட்டிகளைத் திறந்தார்கள். கார்டு ஹார்மோனிகாவின் ஓரத் தகடு பல இடங்களில் தேய்ந்து பித்தளை தெரிந்தது. அதன் கீலில் ஒன்று உடைந்து, பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பேஸ் ஹார்மோனிகாவின் அடிச்சுரம் டபுள் பேஸின் மிகக் கீழான கம்பிக்குச் சமம். அதை அவர் ஊதியபோது அலமாரிக் கண்ணாடி லேசாக நடுங்கியது. தந்தை 1971இல் இறந்துவிட்டதால் மெட்டை வாசிக்க ஆள் இல்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பேஸ் ஒரு தட்டு, கார்டு ஒரு தட்டு, பேஸ் ஒரு தட்டு, கார்டு ஒரு தட்டு என்று, மெட்டே இல்லாத ‘பெக் ஓ மை ஹார்ட்’டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். மூன்று ஆண்டுகளாகக் கேசட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மெட்டு மனப்பாடம். இரண்டாம் சுற்றில் நான் மெல்லச் சீட்டி அடிக்கத் தொடங்கினேன். அக்காள் நிமிர்ந்து பார்த்தார். கை வாத்தியத்தில் இருந்ததால் அவருடைய புருவங்கள் மட்டும்தான் தெரிந்தன.