கையெழுத்து ஏமாற்றியது, தாள் ஏமாற்றவில்லை

“பழைய ஆவணம் போலியா என்பதைத் தாளையும் மையையும் வைத்தே சொல்லிவிட முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல நேரங்களில் முடியும். 1983இல் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ வார இதழ் ஹிட்லர் எழுதியவை என்று வெளியிட்ட போலி நாட்குறிப்புகளே போதுமான சான்று. கையெழுத்து வல்லுநர்கள் முதலில் அவற்றை அசல் என்றே சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் நாட்குறிப்புகளை உருவாக்கிய அதே போலிக்காரர் கொன்ராட் கூயாவ் எழுதியவை கலந்திருந்தன!

ஆய்வகத்தில் கதை மாறியது. புற ஊதா ஒளியில் தாள் பளிச்சென்று ஒளிர்ந்தது. தாளை வெண்மையாக்கும் அந்த வேதிப்பொருள் 1950களில்தான் காகிதத் தயாரிப்புக்கு வந்தது. ஹிட்லர் இறந்ததோ 1945இல். ஏடுகளின் கட்டுமானத்தில் பாலியெஸ்டர் இழையும் அகப்பட்டது. 1941 பற்றிய ஏட்டின் மை, தாளில் ஏறி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பழுப்பேற்றத் தேநீர் ஊற்றினாராம் கூயாவ். கண்ணுக்கு அது போதும், விளக்குக்குப் போதாது.

ஆனால் ஒன்று: இந்தச் சோதனைகள் போலியை வீழ்த்துவதில்தான் வலிமையானவை. பழைய வெற்றுத்தாள் ஒருவனுக்குக் கிடைத்துவிட்டால் தாள் அவன் பக்கமே சாட்சி சொல்லும். அப்போது மையைத்தான் நம்ப வேண்டும்.