விபத்துக்குப் பின் ஒன்பது படங்கள்

அன்புள்ள ஐயா,

மான்ட்கோமெரி க்ளிஃப்ட் நடித்த ‘எ ப்ளேஸ் இன் த சன்’ பார்த்துவிட்டு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1956-இல் கார் விபத்து, முகம் சிதைந்தது, பிறகு குடி, மாத்திரைகள், 45 வயதில் மரணம். அவருடைய கடைசிப் பத்து ஆண்டுகளை ‘ஹாலிவுட்டின் மிக நீண்ட தற்கொலை’ என்கிறார்கள். பிந்தைய படங்களைப் பார்க்க மனம் வரவில்லை. ஒருவர் அழிவதை வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும் என்று தோன்றுகிறது. பார்க்கத்தான் வேண்டுமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

அவசியம் பாருங்கள். உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த ‘நீண்ட தற்கொலை’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. சாகத் துணிந்தவர் வசனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க மாட்டார். க்ளிஃப்ட் நடித்தது மொத்தம் 17 படங்கள். விபத்துக்கு முன் வெளிவந்தவை 8, பின்னால் வந்தவை 9.

ஒமாஹாவில் 1920-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறி, பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் தொழில் கற்றார். ஸ்டூடியோக்கள் நீட்டிய நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடாமல், தனக்குப் பிடித்த கதை வரும்வரை காத்திருந்தார். அழகுக்காகத்தான் அவரைக் கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கேட்கும் விதம். எதிரே இருப்பவர் பேசும்போது க்ளிஃப்டின் கண்களைக் கவனியுங்கள். ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’யில் அவருக்கு பியூகிள் வாசிக்கும் சிப்பாய் வேடம். ஒலி வேறொருவருடையதுதான். ஆனாலும் உதடும் கழுத்தும் பொய் சொல்லக் கூடாது என்று அந்தக் கருவியை ஊதக் கற்றுக்கொண்டார்.

1956 மே 12 இரவு, நடிகை எலிசபெத் டெய்லர் வீட்டு விருந்து முடிந்து மலைப்பாதையில் இறங்கும்போது க்ளிஃப்டின் கார் கம்பத்தில் மோதியது. டெய்லர் ஓடிவந்து நொறுங்கிய காருக்குள் நுழைந்து, அவர் தொண்டையில் சிக்கியிருந்த பற்களை விரலால் எடுத்தார். தாடை உடைந்தது. முகத்தின் இடப்பக்கம் பழையபடி அசையவில்லை. அப்போது அவர் நடித்துக்கொண்டிருந்த ‘ரெயின்ட்ரீ கவுண்டி’ படம் பாதியில் நின்றிருந்தது. அந்தக் கோடையிலேயே திரும்பிப் போய் முடித்துக் கொடுத்தார். எந்தக் காட்சி முன்பு எடுத்தது, எது பின்பு எடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஜனங்கள் தியேட்டருக்குப் போனார்கள். நீங்கள் சொல்லும் வேடிக்கை அதுதான். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள், படமும் சுமார்தான்.

குடி விபத்துக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களை நேசிப்பதை மறைத்தே வாழவேண்டியிருந்த காலம் அது. விபத்துக்குப் பின் வலியும் சேர்ந்துகொண்டது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் இயக்குநர் எலியா கஸானின் ‘வைல்ட் ரிவர்’ (1960). டென்னசியில் அணை கட்டுகிறார்கள். தீவை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியை வெளியேற்ற அனுப்பப்படும் அரசு அதிகாரி க்ளிஃப்ட். சட்டம் அவர் பக்கம், மனசு கிழவி பக்கம்.

அப்புறம் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’ (1961). போருக்குப் பின் நாஜி நீதிபதிகளை விசாரிக்கும் கதை. சம்பளம் வாங்காமல் நடித்த சின்ன வேடம். புத்தி குறைந்தவன் என்று சொல்லி நாஜி நீதிமன்ற உத்தரவால் கருத்தடை செய்யப்பட்ட ஒரு தொழிலாளி, சாட்சிக் கூண்டில். படப்பிடிப்பில் வசனம் நினைவில் நிற்கவில்லை. வருகிறபடி பேசுங்கள் என்றார் இயக்குநர் ஸ்டான்லி க்ரேமர். முயல், வேட்டைக்காரன், வயல் என்று மூன்று சொற்களைக் கொடுத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். அவனால் முடியவில்லை. சட்டைக்குள்ளிருந்து அம்மாவின் படத்தை எடுத்து நீட்டி, பாருங்கள், இவளா புத்தி குறைந்தவள் என்று கேட்கிறான். அந்தத் தடுமாற்றத்தில் எவ்வளவு நடிகருடையது, எவ்வளவு பாத்திரத்தினுடையது என்று எத்தனை முறை பார்த்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், அவருக்கு அது நான்காவது முறை. ஒருமுறையும் கிடைக்கவில்லை.

கடைசியாக ‘த மிஸ்ஃபிட்ஸ்’, அதே ஆண்டுதான். அதில் அவர் ஒரு ரோடியோ வீரன், முரட்டுக் குதிரை, காளை மேல் ஏறிப் போட்டியிடுபவன். சாலையோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அம்மாவிடம் பேசுகிறான். முகம் ஆறிவிட்டது, என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியும் என்கிறான். அந்த வசனம் இருக்கும் கதையைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.