அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அளவு எங்கே பிசகுது? – கேள்வி பதில்

தர்மபுரி: ஃபான்டத்தில் (அளவு தெரிந்த சோதனைப் பொம்மை) அளவு துல்லியமா வருது. பருமனான ஆளுக்குக் கல்லீரலில் ஊசி விடும்போது மட்டும் திரையில் காட்டுற ஆழம் கூடுதலா இருக்கு. மிஷின் கோளாறா சார்?

பதில்: கோளாறு இல்லைங்க. ஒலி எல்லா இடத்திலும் நொடிக்கு 1540 மீட்டர் போகும்னு மிஷின் நம்புது. போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்கு 13 மைக்ரோ நொடின்னு கணக்குப் போடுது. கொழுப்பில் வேகம் சுமார் 1450தான். அதனால் 3 செ.மீ. கொழுப்பு திரையில் 3.19 ஆகிடும். அதுக்கு அடியில் கல்லீரலில் சுமார் 1570. அங்கே 3 செ.மீ. 2.94 ஆகச் சுருங்கும். மொத்தம் 6 செ.மீ. 6.13 ஆகத் தெரியும். 1.3 மில்லிமீட்டருக்காக சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டாம். ஊசியின் நுனியைத் திரையில் பார்த்துக்கொண்டே விடுங்க, எண்ணை மட்டும் நம்பி விடாதீங்க. சில மிஷினில் ஒலிவேகத்தை மாற்ற வசதி உண்டு. மாற்றினால் ரிப்போர்ட்டில் எழுதி வையுங்க. அடுத்த முறை வேறு வேகத்தில் பார்த்தால் கட்டி வளர்ந்த மாதிரி தோணும்.

ஓசூர்: ஃபான்டம் வாங்க வசதியில்லை. தண்ணீர்த் தொட்டியில் சோதிக்கலாமா?

பதில்: தாராளமா. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரா இருக்கணும், இல்லன்னா குமிழி மினுமினுக்கும். மெல்லிய தூண்டில் நரம்பு இரண்டை, ஒன்றுக்குக் கீழே இன்னொன்றா, சரியா 100 மி.மீ. இடைவெளியில் இழுத்துக் கட்டுங்க. ப்ரோப்பின் (உடம்பில் வைக்கும் கருவி) முகம் மட்டும் நனையட்டும், பிடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. நரம்பின் எதிரொலி கீழே வால் விடும்; மேல் விளிம்பிலிருந்து மேல் விளிம்புக்குக் கேலிப்பர் (திரையில் அளக்கும் குறி) வையுங்க.

எல்லாரும் சறுக்குறது வெப்பநிலையில். 20 டிகிரி தண்ணீரில் வேகம் 1482. சரியான மிஷின் 103.9 காட்டணும். வெயில் காலத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் 30 டிகிரி தண்ணீரில் 1509, 102 காட்டணும். அங்கே 100ன்னு காட்டினால் சந்தோஷப்படாதீங்க, மிஷின் 2 சதவீதம் குறைவாக் காட்டுதுன்னு அர்த்தம். நேர்த்தள ப்ரோப்பில் (முகம் தட்டையா இருப்பது) பக்கவாட்டு அளவுக்கு இந்தத் திருத்தம் வேண்டாம், அது ப்ரோப்புக்குள் ஒலி எழுப்பும் படிகங்களின் இடைவெளியைப் பொறுத்தது.

கிருஷ்ணகிரி: ஒரே சிசுவின் பிபிடி (தலையின் குறுக்களவு), இரண்டு பேர் எடுத்தால் 3 மி.மீ. வித்தியாசம் வருதே?

பதில்: ஒருத்தர் மண்டை ஓட்டின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்ப்பக்க உள்விளிம்புக்கும், இன்னொருத்தர் வெளியிலிருந்து வெளிக்கும் எடுத்திருப்பாங்க. நீங்க ஒப்பிடும் வளர்ச்சி அட்டவணை எந்த முறையில் செய்ததோ அதையே எல்லாரும் எடுங்க. தலாமஸ் (மூளையின் நடுப்பகுதி) தெரியும் தளம், நடுக்கோட்டுக்குச் செங்குத்தா ஒலிக்கற்றை. கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு) அதிகமானால் ஓடு தடித்துத் தெரியும், குறைச்சுப் பாருங்க.

பென்னாகரம்: டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை) ரத்த வேகம் ஒவ்வொரு தடவையும் மாறுது.

பதில்: ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையில் உள்ள கோணம்தான். உண்மைக் கோணம் 60 இருக்க, 65ன்னு வைத்தால் வேகம் 18 சதவீதம் கூடும். அதே 5 டிகிரி பிசகு 30ல் நடந்தால் 6 சதவீதம்தான். 60ஐத் தாண்டாதீங்க.

ஊத்தங்கரை: மிஷினைப் பெங்களூருக்கு அனுப்பிச் சரிபார்க்கலாமா சார்?

பதில்: பதிவான இடத்தைவிட்டு எடுக்கும் முன் பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும்) சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கணும். அதைவிட ஃபான்டத்தோட ஆளை வரவழைப்பது சுலபம்.