‘ரைம்ஸ் அக்கா’ ஆகிவிடுவேனா?

கேள்வி: எனக்கு 28 வயது. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை. ஆறு வருடமாகப் பறை அடிக்கிறேன், நாட்டுப்புறப் பாட்டும் பாடுவேன். பாலர் பள்ளிகளில் கூப்பிடுகிறார்கள். கல்யாண வரவேற்பு, சமூக மன்றம் என்று பெரியவர்கள் முன்னாலும் பாடுகிறேன். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்க ஆசை. “பிள்ளைகளுக்குப் பாடினால் உன்னை ரைம்ஸ் அக்கா என்று ஒதுக்கிவிடுவார்கள்” என்கிறார் குழு நண்பர். டாக்சி ஓட்டும் என் அப்பாவோ பறையைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் நண்பர் ஒரு பாலர் பள்ளியில் அரை மணி நேரம் தனியாக நின்று பாடிப் பார்க்கட்டும். பெரியவர்கள் பாட்டு பிடிக்காவிட்டாலும் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். நாலு வயதுப் பிள்ளை எழுந்துபோய்த் தண்ணீர் போத்தலைத் திறக்கும்.

நான் நிகழ்ச்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்த காலத்தில் ஓர் உருமிக்காரரைப் பாலர் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வந்ததும் வராததுமாகக் குச்சியை வைத்து ஒரு தேய் தேய்த்தார். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் ஓவென்று அழுதுவிட்டன. அடுத்த பள்ளியில் மனுஷர் முதலில் வளைந்த குச்சியை மட்டும் எடுத்துக் காட்டினார். தோலை விரலால் தட்டினார், பிள்ளைகளையும் தொட விட்டார். அப்புறம்தான் தேய்த்தார். “மாடு கத்துது!” என்று ஒரே சிரிப்பு. பிறகு பெரியவர்கள் மேடையிலும் அதையே செய்தார், அங்கும் எடுபட்டது.

பாட்டும் அப்படித்தான். தாலாட்டு பிள்ளைக்குப் பாடுவது. ஆனால் அதில் தாய்மாமன் பெருமையும் பிறந்த வீட்டு ஏக்கமும் எவ்வளவு! தொட்டிலில் கிடப்பதற்கா அது புரியும்? ஒரே தாலாட்டைக் காலையில் பள்ளியிலும் இரவில் மேடையிலும் பாடலாம். மேடையில் கொஞ்சம் நிதானமாகப் பாடுங்கள், போதும். தமிழே தெரியாத பிள்ளைகள் இருந்தால் ‘தன்னானே’வைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

சரி, காசு. பள்ளி அழைப்புகள் ஏப்ரலில் தமிழ்மொழி விழா, ஜூலை 21 இன நல்லிணக்க நாள், பிறகு தீபாவளி என்று கும்பலாக வரும். ஜூன், டிசம்பரில் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும், அப்போது கல்யாணங்களும் சமூக மன்றங்களும்தான் கைகொடுக்க வேண்டும். வேலையை விட்டால் முதலாளி போடும் 17 விழுக்காடு மத்திய சேமநிதி நின்றுவிடும். 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு அது மாதம் 510 வெள்ளி. வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்ட நினைத்திருந்தால் இங்கேதான் இடிக்கும். தொழில் வருமானம் செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் மெடிசேவ் கணக்குக்கும் நீங்களே கட்ட வேண்டும்.

அதனால் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். ஒரு வருடக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தேசியக் கலைகள் மன்றத்தின் பள்ளிக் கலைக்கல்வித் திட்டத்தில் உங்கள் நிகழ்ச்சியைச் சேர்க்க முயலுங்கள். பள்ளிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஆளைத் தேடுகின்றன. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு பாலர் பள்ளி என்னை நாலு மாதம் இழுத்தடித்திருக்கிறது.

அப்பா சுளிப்பது பறையின் சத்தத்துக்காக இருக்காது. சாவு வீட்டு மேளம், இன்ன சாதிக்காரர் வாத்தியம் என்று ஊரிலிருந்து கப்பலேறி வந்த எண்ணம் அது. வாதாடி மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பள்ளி நிகழ்ச்சிக்கு அவர் டாக்சியிலேயே போங்கள். பறையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வரச் சொல்லுங்கள். மீட்டர் காசை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.