குன்னத்து உருண்டைக் கற்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 அக்டோபரில் எங்கள் குன்னம் பக்கம் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பிறகு, முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஏமாற்றம்தான். எங்கள் பக்கம் டைனோசரே இருந்ததில்லையா? அவை அழிந்தபோது மற்ற உயிர்கள் எப்படித் தப்பின?

ச., பெரம்பலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்றமே வேண்டாம். முட்டையைவிடப் பெரிய சேதி அந்தக் கற்களில் இருக்கிறது. உங்கள் ஊர் கடலாக இருந்திருக்கிறது!

டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பெரம்பலூர், அரியலூர் வரை கடல் உள்ளே வந்தது. ஏறியும் வடிந்தும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. கணவாய் மீனுக்கு உறவான அம்மோனைட்டுகள் சுருள் ஓட்டோடு அதில் நீந்தின. செத்துச் சேற்றில் விழுந்த உயிரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகினால் இப்படி உருண்டைக் கல் ஆகிவிடும். சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர் 1860களில் இங்குள்ள புதைபடிவங்களை வகைபிரித்து எழுதத் தொடங்கினார். அந்தத் தொகுதிகளை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

டைனோசரும் உண்டு. கடல் இடையில் ஒருமுறை பின்வாங்கியிருந்தபோது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய படிவுகளில், அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில், அவற்றின் எலும்புகளும் பல்லும் கிடைத்திருக்கின்றன.

சரி, தப்பியது எப்படி? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விண்கல் விழுந்தது. புழுதியும் கரியும் வெயிலை மறைத்தன. கடலின் மேல்மட்டத்து நுண்ணுயிர்கள் மடிந்தன. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, அந்த மேல்மட்டத்தை நம்பியே வளர்ந்தவை. அதே போன்ற ஓடு கொண்ட நாட்டிலஸோ ஆழத்தில் பெரிய முட்டையிடும், குஞ்சு பொரிக்கும்போதே பெரிதாக இருக்கும், செத்ததையும் தின்னும். அதனால்தான் அது பிழைத்தது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, நின்னியூர்ப் பாறை அடுக்குகளில் இதைப் பார்க்கலாம். பேரழிவுக்குப் பிந்தைய அந்தச் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட் இல்லை, நாட்டிலஸ் இனத்து ஓடுகள் இருக்கின்றன. நூலில் படிக்கிற உலக அழிவு, பேருந்தில் போய்ப் பார்க்கிற தூரத்தில்!

நிலத்தில் டைனோசர்களில் ஒரு கிளை, பறவைகள், தப்பியது. சிறிய பாலூட்டிகளும் தப்பின. தெலங்கானாவின் நஸ்கல் அருகே எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே கிடைத்த பற்கள், கிரெட்டேசியஸ் முடிவில் இந்தியாவில் எலி அளவுப் பாலூட்டிகள் இருந்ததைக் காட்டுகின்றன. அடுத்த இரண்டு கோடி ஆண்டுகளுக்குள் பாலூட்டிகளில் வௌவால், குரங்கினம், திமிங்கிலத்தின் முன்னோர் எல்லாம் வந்துவிட்டன.

ஒரு வேண்டுகோள். கல் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரிந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். இடத்தோடு படம் எடுத்து அரியலூர் மாவட்டத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். நீங்கள் இன்னும் போகவில்லை என்றால், அதற்காகவே ஒருமுறை போய்வரலாம்.