கேள்வி – பதில்: விசியும் மிசியும்

கேள்வி: எங்கள் சங்கம் மானியத்துக்கு மனுப் போடுகிறது. மலாய் விண்ணப்பப் பாரத்தில் 'விசி', 'மிசி' என்று இரண்டு கட்டம். செயலவையில் ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் பேசி இப்படி எழுதியிருக்கிறோம். விசி: 'மாணவர்களின் கல்வித் தரத்தை உயர்த்தும் முன்னணிச் சங்கமாகத் திகழ்வது.' மிசி: 'முன்னணிச் சங்கமாகத் திகழ்ந்து மாணவர்களின் கல்வித் தரத்தை உயர்த்துவது.' சரியா? நாங்கள் நடத்துவது இலவச டியூஷன். – சங்கச் செயலாளர், செந்தூல்

பதில்: ஒரே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். விசி என்பது தொலைநோக்கு. மலேசியாவில் தூரநோக்கு என்றும் எழுதுவோம். நம் வேலை முழுக்கப் பலித்துவிட்டால் சங்கத்துக்கு வெளியே என்ன தெரியும், அந்தக் காட்சிதான் அது. மிசி என்பது பணிநோக்கு. அந்தக் காட்சிக்காக யாருக்கு, என்ன, எப்படிச் செய்கிறோம் என்பது.

உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சுவரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கல்வி அமைச்சின் விசி, 'பெண்டிடிக்கான் பெர்குவாலித்தி, இன்சான் தெர்டிடிக், நெகாரா செஜாத்தெரா'. தரமான கல்வி, கற்ற மனிதர், வளமான நாடு. மூன்றும் நிலைகள், வினைச்சொல்லே கிடையாது. அதற்குக் கீழே உள்ள மிசியோ 'மெலெஸ்தாரிக்கான்', அதாவது நிலைபெறச் செய்தல் என்று வினையிலேயே தொடங்குகிறது. விசியில் நிலை, மிசியில் வினை. இலக்கணப் பாடம் போல இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் வரியில் இன்னொரு கோளாறு 'முன்னணி'. அந்தச் சொல் மாணவரைப் பார்க்கவில்லை, சங்கத்தைத்தான் பார்க்கிறது. யாரை விட முன்னணி, எதை வைத்து அளப்பது? இப்படி மாற்றிப் பாருங்கள் (எஸ்.பி.எம். என்பது இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு):

விசி: 'செந்தூலில் ஐந்தாம் படிவம் முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் எஸ்.பி.எம். சான்றிதழ்.'

மிசி: 'செந்தூல் அடுக்குமாடிகளில் வாழும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய்மொழியையும் வரலாற்றையும் வாரம் மூன்று இரவு இலவசமாகக் கற்பிக்கிறோம்.'

ஏன் அந்த இரண்டு பாடம்? மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதி. மற்ற பாடங்களில் 'ஏ' வாங்கியவரும் இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிட்டால் வெறுங்கைதான். வாரத்துக்கு எத்தனை இரவு என்பதை உங்கள் வசதிப்படி போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணைப் போடாமல் விடாதீர்கள். நாளைக்கு ஒருவர் வந்து 'சங்கத்தின் பெயரில் ஒரு ஃபுட்சால் போட்டி வைப்போமே' என்றால், முகம் முறியாமல் மறுக்க இந்த வரி கைகொடுக்கும்.

கேள்வி: இதை எழுத எத்தனை கூட்டம் போட வேண்டும்? எப்போது உட்கார்ந்தாலும் சண்டையில்தான் முடிகிறது. – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இரண்டு அமர்வு போதும், நடுவில் ஒரு வாரம் இடைவெளி. முதல் அமர்வில் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு ஓர் அட்டை, பத்து நிமிடம், ஒரே கேள்வி: 'பத்து ஆண்டு கழித்து யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியிருக்க வேண்டும்?' தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அதனால்தான் எழுத்து. அட்டைகளைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களின் கீழ் கோடு போடுங்கள்.

அதை வைத்து வரைவு எழுதுவது இரண்டே பேர். ஒன்பது பேரும் பேனா பிடித்தால் ஆளுக்கொரு சொல்லைச் செருகுவார்கள். 'சமுதாய, பொருளாதார, ஆன்மிக, பண்பாட்டு' என்று ரயில் பெட்டி போல நீளும். விசிக்குப் பதினைந்து சொல், மிசிக்கு முப்பது, அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் அமர்வில் வெட்டலாம், சேர்க்கக் கூடாது.

பிறகு சோதனை. உங்கள் சங்கத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு சங்கத்தின் பெயரைப் போடுங்கள். அப்படியே பொருந்தினால் அந்த வரி உங்களுடையதல்ல. அடுத்து, போன ஆண்டின் கணக்கறிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். மிசியில் டியூஷன் என்று இருக்கிறது, பாதிப் பணம் விருந்துக்குப் போயிருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைத் திருத்தத்தான் வேண்டும். மானியம் தருபவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் பேசும் மொழியில் முதலில் எழுதி, பிறகு மலாய்க்குக் கொண்டுபோங்கள். பாரம் மலாயில் இருக்கிறதே என்று மலாயில் தொடங்கினால் கேட்டுப் பழகிய சொற்கள்தான் வந்து விழும்.

கேள்வி: விசி, மிசியை மாற்றினால் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிவிக்க வேண்டுமா? – பொருளாளர், கெப்போங்

பதில்: அவை சங்கத்தின் சட்டவிதியில் எழுதப்படாமல் இருந்தால் தேவையில்லை, உங்கள் கூட்ட முடிவே போதும். ஆனால் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி பதிவான ஒவ்வொரு சங்கத்தின் விதியிலும் 'துஜுவான்', அதாவது நோக்கங்கள் என்ற பகுதி உண்டு. அதை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும். 60 நாளுக்குள் பதிவதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவர் ஒப்புதல் தந்த பிறகுதான் செல்லும். இதில் பலர் சறுக்குகிறார்கள். துஜுவானில் 'கலை, பண்பாடு வளர்த்தல்' மட்டும் இருக்க, மிசியில் டியூஷன் எழுதினால் இரண்டும் ஒட்டாது. முதலில் துஜுவானைப் படித்துவிட்டு மிசிக்கு வாருங்கள்.

கேள்வி: விசியில் ஆண்டு போடலாமா? நாட்டின் தூரநோக்கான வாவாசான் 2020இல் போட்டார்களே. – ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: போடலாம், ஆனால் ஆண்டு போட்டதும் அது பாதி இலக்காகிவிடும். வாவாசான் 2020ஐ அறிவித்து 1991 பிப்ரவரி 28 அன்று அப்போதைய பிரதமர் மகாதீர் ஆற்றிய உரையில் மூன்று அடுக்கு இருந்தது. முழு வளர்ச்சி பெற்ற நாடு என்பது காட்சி. கடக்க வேண்டியவை ஒன்பது சவால்கள். பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரி 7 விழுக்காடு வளர வேண்டும் என்பது இலக்கு. ஆண்டு நெருங்கியதும் பேச்சு முழுக்க 'எட்டினோமா, இல்லையா' என்பதாகிவிட்டது. 2019இலேயே 2030க்கு இன்னொரு வாவாசான் வந்தது. சிறு சங்கம் என்றால் ஆண்டை இலக்குப் பட்டியலில் போடுங்கள், தவறினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

கேள்வி: அப்பா நடத்திய மசாலா அரைக்கும் கடையை இப்போது நான் பார்க்கிறேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா? – வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: விசியை விட்டுவிடுங்கள் தம்பி. மிசி ஒரு வரி போதும்: 'பினாங்குச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அன்றன்று அரைத்த கறிப்பொடி, கால் கிலோ முதல்.' இதில் 'கால் கிலோ முதல்' என்பதுதான் முக்கியம். மொத்த ஆர்டர் குவிந்து கிடக்கும் நாளில் கால் கிலோ கேட்டு வரும் அம்மாவை வேலையாள் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை அதுவே அவருக்குச் சொல்லிவிடும்.