வாசகர் கேள்வி - பதில்: சீனாவில் சில மாதம்

எங்கள் கம்பெனி புது மெஷின் பயிற்சிக்காக நாலு மாதம் சூச்சோ நகருக்கு அனுப்புகிறது. கையில் எவ்வளவு யுவான் வைத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகர், சேதராப்பட்டு

அவசரத்துக்கு ஐந்நூறு யுவான் போதும். அங்கே தள்ளுவண்டிக்காரர்கூட போனில்தான் காசு வாங்குகிறார். அலிபே என்ற சீனப் பணம் கட்டும் செயலியை ஊரிலேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைச் சேர்த்துவிடுங்கள். ரூபேயை நம்பிப் போகாதீர்கள். பேசவும் பணம் கட்டவும் உதவும் வீசாட் செயலி 2020 முதல் இந்தியாவில் தடை; அதை அங்கே போய்த்தான் போட முடியும். புது வீசாட் கணக்கு என்றால், ஏற்கெனவே அதை வைத்திருக்கும் ஒருவர் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தச் சொல்லும். அலிபேயைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.

பலர் தடுக்கி விழுவது இன்னோர் இடத்தில். வங்கி செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தே இருக்கும். அதைத் திறக்க வேண்டும். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அதனால் புறப்படுமுன்பே ரோமிங் போட்டு, இரண்டு சிம் போடும் போனில் அந்த சிம்மைக் கழற்றாமல் வையுங்கள்.

வெளிநாட்டு அட்டையில் ஒரு பில் 200 யுவான் வரை செயலிக் கட்டணம் கிடையாது. தாண்டினால் 3 சதவீதம். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் 350 யுவானை இரண்டாகப் பிரித்துக் கட்டலாம். உங்கள் வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணம் தனி.

மகன் ஆறு மாதம் நிங்போவில் இருப்பான். சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? என்ன கட்டிக் கொடுக்கலாம்?
- வாசகி, கடலூர் முதுநகர்

காய்கறிக்குப் பஞ்சமில்லை அம்மா. சிக்கல் அதை வதக்கும் கொழுப்பில். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சிப்பி சாஸ் ஊற்றுவார்கள், கோழிச்சாற்றுப் பொடி தூவுவார்கள். ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் துண்டுகளைத் தவிர்த்துவிட்டு அதே சாற்றில் செய்து தருவார்கள். ‘வோ ச்சி சூ’, நான் சைவம், என்று சொல்லட்டும். கூடவே மேலே சொன்ன மூன்றும், மீனும் முட்டையும் வேண்டாம் என்று சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டட்டும். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களே பத்திரம். பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அங்கே மீன் போலத் தட்டில் வருவது சோயாதான், மிரள வேண்டாம்.

சமைப்பதானால் ரைஸ் குக்கரை அங்கேயே வாங்கலாம். உள்ளூர் அரிசி குட்டையானது, ஒட்டும். பொன்னிக்கு ஊற்றுவதுபோல் ஒன்றுக்கு மூன்று ஊற்றினால் கூழ்தான். ஒன்றுக்கு ஒன்றேகால் போதும். உதிரியாக வேண்டுமென்றால் தாய்லாந்து நீள அரிசி. பச்சைப்பயறு தாராளமாகக் கிடைக்கும். தயிர் பெரும்பாலும் இனிக்கும், சர்க்கரை இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் தயிர்சாதம் பாயசமாகிவிடும்.

சாம்பார் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம், புளிக்காய்ச்சல், எண்ணெய் ஊறுகாய் ஆகியவற்றைக் கடை பாக்கெட்டிலேயே அனுப்புங்கள். வெண்ணெய், நெய் போன்ற பால் பொருள், பழம், பச்சைக் கறிவேப்பிலை, விதை எதுவும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் வேலை செய்யுமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

சீன சிம்மிலும் விடுதி வைஃபையிலும் செய்யாது; கூகுள், யூடியூப்பும் அப்படியே. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா நம் நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருவதால் அதில் வாட்ஸ்அப் வரும், ஆனால் செலவு. வீசாட் இந்தியாவில் தடை என்பதால் உங்கள் போனில் அது உதவாது. இங்கே இரவு 8 என்றால் அங்கே 10.30.

ஹோட்டலில் தங்காமல் வாடகை வீடு எடுத்தால்?
- வாசகர், வில்லியனூர்

வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸில் பதிய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். வேலைக்கான ‘இசட்’ விசாவில் போனால் 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் இந்தப் பதிவுச் சீட்டு தேவை.

சார்ஜர் சேருமா?
- வாசகர், பண்ருட்டி

அங்கே மின்சாரம் 220 வோல்ட், நம் 230-க்குப் பக்கம்தான். நம் மூன்று உருண்டை முள் லேப்டாப் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். பவர்பேங்கில் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லையென்றால் 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானத்தில் ஏற்ற விடுவதில்லை.